சேற்றுக்குள் ஒரு கரண்ட் கம்பி

ஜமுனாமரத்தூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் ஜவ்வாது மலைக்குக் கீழே இருக்கிறது. ஊர் நடுவே ஏரி. நாலு வார்டு சாக்கடையும் அதில்தான் விழுகிறது. 'நல்ல பாக்டீரியா' விற்கும் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, பவுடரைக் கரைத்து ஊற்றினால் மூன்றே மாதத்தில் மீன் துள்ளும் என்று லேப்டாப்பில் படம் காட்டிவிட்டுப் போயிருக்கிறாராம். "இது நிஜமா, டுபாக்கூரா? மலைமேல் லாட்ஜும் கூட்டமும் பெருகிக்கொண்டே போகிறது. நாளைக்கு எங்கள் கோமுட்டேரிக்கும் இந்தக் கதி வந்தால் பவுடர் காப்பாற்றுமா?" என்று கேட்கிறார்.

நுண்ணுயிர்கள் சாக்கடையைத் தின்னும் என்பது நிஜம். அவை பாக்கெட்டில்தான் வந்தாக வேண்டும் என்பது டுபாக்கூர்.

இந்த மாதிரிச் சரக்கின் விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் இருப்பது எண்ணிக்கை. ஒரு மில்லியில் நூறு கோடி உயிர்கள் என்று போட்டிருப்பார்கள். படித்தவுடன் வாய் பிளக்கத்தான் தோன்றும். ஆனால் ஏரிச் சேற்றில் ஒரு கிராம் அள்ளினால் அதிலும் ஏறக்குறைய நூறு கோடி பாக்டீரியா இருக்கும். ஒரு லிட்டர் பாட்டிலும் ஒரு கிலோ சேறும் கணக்குக்குச் சரியாகப் போய்விட்டது. குளித்துக் கரையேறும் எருமையின் நாலு காலில் ஒட்டிவருவதே அதற்கு மேல் இருக்கும். போதாததற்கு, தொட்டியில் சர்க்கரைப்பாகு குடித்து வளர்ந்த பாக்டீரியா ஏரியில் விழுந்ததும், அங்கே காத்திருக்கும் ஒருசெல் உயிரிகளுக்கு அன்றைய பலகாரம். மிஞ்சுவது, பரம்பரையாக அந்தச் சேற்றிலேயே பிழைக்கும் உள்ளூர்க் கூட்டத்தோடு போட்டி போட்டுத் தோற்கும்.

ஏரியில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் ஆக்சிஜனுக்கு. ஒரு லிட்டர் சாக்கடையில் உள்ளதை நுண்ணுயிர்கள் தின்று செரிக்க 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெயிலில் சுத்தமான தண்ணீரே லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான் பிடித்து வைத்திருக்கும். அதாவது ஒரு குடம் சாக்கடை, முப்பது குடம் நல்ல தண்ணீரின் மூச்சை நிறுத்திவிடும். அதன்பின் மேடைக்கு வருவது ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கத் தெரிந்த கூட்டம். அவர்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம். மீத்தேனும் அவர்கள் கைங்கரியம்.

பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சுமார் 900 ஏக்கர். மாநகரச் சாக்கடையில் ஏறத்தாழ 40 சதவீதம் பல ஆண்டுகளாக அதற்குள்தான் போனது. 2015-இல் நுரையே தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் ஏரியில் மறுபடி தீ. ஜவ்வாது மலைக்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு. பெல்லந்தூரிலிருந்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தென்பெண்ணை, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை என்று இறங்கி, மலைக்குத் தெற்கே சாத்தனூர் அணைக்கு வருகிறது அந்தத் தண்ணீர். மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி மதகில் பஞ்சுமூட்டைபோல நுரை பொங்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். பெல்லந்தூரில் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கடைசியில் நடந்த வேலை, சாக்கடையைத் திருப்புவதும் வண்டலை வாரி லாரியில் ஏற்றுவதும்தான். அதை லேப்டாப்பில் காட்டினால் யாரும் கை தட்டமாட்டார்கள்.

வரலாறு சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார், சுருக்கமாக. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடைக்குள் காற்றை ஊதி, அடியில் தங்கிய கசடைக் கொட்டிவிடாமல் அடுத்த தடவைக்கும் வைத்துக்கொண்டார்கள். இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை அந்த வம்சம். பாக்கெட் வாங்கவில்லை, காற்று ஊதினார்கள் என்பதைக் கவனிக்கவும். ஆனந்த மோகன் சக்கரவர்த்தி எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கி, 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்க் காப்புரிமைக்கு வழி செய்தார். தீர்ப்பு புகழ் பெற்றது. பாக்டீரியாவுக்குக் கடலில் வேலை கிடைக்கவில்லை. ஒகினாவாவின் தெருவோ ஹிகா 1980-களில் பரப்பிய 'இஎம்' என்ற நுண்ணுயிர்க் கலவையை மண்ணில் பிசைந்து உருட்டி, 2009-இல் பினாங்கில் பத்து லட்சம் உருண்டை என்று அறிவித்துத் தண்ணீரில் எறிந்தார்கள். எறிந்தவர்களுக்கு நல்ல உடற்பயிற்சி.

இனி நான் சொல்ல ஆசைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கம்பெனியும் விற்காத பாக்டீரியா ஒன்று.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் லார்ஸ் பீட்டர் நீல்சன் குழு, கடலடிச் சேற்றைக் கண்ணாடிக் குவளைகளில் வைத்து அளந்துகொண்டிருந்தது. குவளையைப் பக்கவாட்டில் பார்த்தால் மூன்று பட்டை தெரியும்: மேலே சில மில்லிமீட்டருக்குத் துருப்பழுப்பு ஏடு, அதன் கீழே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெளிறிய சாம்பல், அதற்கும் கீழே கன்னங்கறுப்பு. ஆக்சிஜன் அந்தப் பழுப்பு ஏட்டைத் தாண்டி இறங்குவதில்லை. ஹைட்ரஜன் சல்பைடு கறுப்பைத் தாண்டி ஏறுவதில்லை. நடுவில் இருக்கும் சாம்பல் பட்டையில் இரண்டும் இல்லை. ஒன்றையொன்று தொடாமலே இரண்டும் காணாமல் போகின்றன. சரி, மேலே உள்ள தண்ணீரில் ஆக்சிஜனை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே சல்பைடு ஒரு மணி நேரத்திலேயே நகரத் தொடங்கியது. அந்தத் தூரத்தைச் சேற்றுக்குள் ஒரு மூலக்கூறு தானாக ஊர்ந்து கடக்க ஒரு நாளாவது ஆகும். அப்படியானால் மேலே ஆக்சிஜன் தீர்ந்துவிட்ட செய்தியைக் கீழே யார் சொன்னது?

மின்சாரம் சொன்னது. 2010-இல் அப்படித்தான் எழுதினார்கள், பலர் நம்பவில்லை. 2012-இல் கம்பியே அகப்பட்டது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை. ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பாக்டீரியா. நீளம் சென்டிமீட்டர் கணக்கில். இழையின் மேற்புறம் முழுக்க, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரப்புபோல மேடுகள். ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் எலக்ட்ரானைக் கடத்தும் நார். நிக்கல் கலந்த புரதம் அதில் இருப்பது பின்னால் தெரிந்தது. சேற்றுக்குள் மெல்லிய உலோகக் கம்பியைக் குறுக்காக இழுத்து இழைகளை அறுத்தபோது, கீழே நடந்த வேலை அப்படியே நின்றுபோனது. ஒரு சதுர மீட்டர் சேற்றுக்கு அடியில் இந்த இழைகளைச் சேர்த்துக் கட்டினால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும். கேபிள் பாக்டீரியா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மூச்சு என்பது என்ன? உணவிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரானை ஆக்சிஜன் கையில் ஒப்படைப்பது. மற்ற உயிர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஒரே செல்லுக்குள் செய்கின்றன. இந்த ஜந்து பிரித்துக்கொண்டது. கூட்டுக்குடும்பம் ஒன்று கிணற்றுக்குள் ஒருவர் காலை ஒருவர் பிடித்துத் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே தொங்கும் ஆயிரம் பேருக்கும் பந்தி நடக்கிறது, சல்பைடுதான் சாப்பாடு. அங்கே காற்று கிடையாது. விளிம்பில் தலை நீட்டியிருக்கும் சில அண்ணன்மார் அத்தனை பேருக்கும் சேர்த்து மூச்சு விடுகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு வருகிறதா என்றால், இல்லை. 2020-இல் வெளிவந்த ஆய்வின்படி ஆக்சிஜனைத் தொடும் மேல்செல்கள் வளர்வதே இல்லை. உடம்பு வைப்பதெல்லாம் கீழே இருப்பவர்கள். வெளிவேலை பார்ப்பவன் இளைக்கிறான், உள்ளே உட்கார்ந்திருப்பவன் பெருக்கிறான். மேலே காற்று நின்றால் குடும்பமே இடம் மாறும், இழை மண்ணுக்குள் வழுக்கி நகரும். அப்போது யார் விளிம்புக்கு வருவது, பாகப்பிரிவினை எப்படி என்றெல்லாம் கேட்டால் என் உவமை கிணற்றில் விழுந்துவிடும், இத்தோடு விட்டுவிடுகிறேன்.

ஏரிக்கு இதில் என்ன லாபம்? கீழ்முனையில் சல்பைடைத் தின்னும்போது அமிலம் உண்டாகிறது. அது கறுப்பு இரும்பு சல்பைடைக் கரைக்கிறது. கரைந்த இரும்பு மேலே ஏறி, ஆக்சிஜனைக் கண்டதும் துருவாகப் படிகிறது. குவளையில் பார்த்த பழுப்பு ஏடு அதுதான். நெதர்லாந்தின் கிரேவலிங்கன் ஏரியில், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் சேர்ந்த இந்தத் துரு, கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்த பிறகும் விஷவாயுவைப் பல வாரம் தடுத்து வைத்தது. 2015-இல் அதை வெளியிட்டார்கள். துருவுக்கு இன்னொரு குணம், பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். சோப்புத்தூளிலிருந்தும் மலத்திலிருந்தும் வரும் பாஸ்பரஸ்தான் ஆகாயத்தாமரைக்கும் பச்சைப் பாசிக்கும் உரம். கார்பனைத் தின்றால் வாயுவாகப் பறந்துவிடும், நைட்ரஜனும் அப்படியே. பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. எந்த பாக்டீரியா தின்றாலும் செத்தபின் ஏரியிலேயே கிடக்கும். ஒன்று, வண்டலோடு வெளியே அள்ள வேண்டும். அல்லது துருவில் பூட்டி வைக்க வேண்டும். பவுடர் கம்பெனி பிரசங்கத்தில் பாஸ்பரஸ் என்ற சொல் வராததற்குக் காரணம் இதுதான்.

நன்னீர் ஓடையிலும் நெல்வயல் மண்ணிலும்கூடக் கேபிள் பாக்டீரியா பின்னர் கிடைத்தன. 2020-இல் நெல் வைத்த தொட்டிகளில் இவற்றைச் சேர்த்தபோது மீத்தேன் 93 சதவீதம் குறைந்தது என்றார்கள். 'நெல்வயல் புவிவெப்பத்துக்கு முடிவு' என்று தலைப்புப் போடத் துடிக்கும் நண்பர்கள் தயவுசெய்து தொட்டி என்ற சொல்லை இன்னொரு முறை படிக்கவும். ஏரியிலும் இது மந்திரமாகாது. மேலே உள்ள தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால்தான் விளிம்பில் மூச்சு விட ஆள் நிற்கும். சாக்கடை விழுந்துகொண்டே இருக்கும் ஏரியில் உலகத்திலேயே சிறந்த கேபிள் பாக்டீரியாவை லாரியில் இறக்கினாலும் சாகும். சாக்கடையை நிறுத்திக் காற்று கொடுத்தால் லாரியே தேவைப்படாது.

பவுடர் போட்டுத் தெளிந்த குளங்களை நானும் பார்த்திருக்கிறேன். பவுடர் போட்ட அதே மாதத்தில் வாய்க்காலை அடைத்திருப்பார்கள், கரையோரம் காற்று ஊதும் மோட்டார் ராத்திரி பகலாக ஓடும், நடுவில் ஒரு நல்ல மழையும் பெய்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பில் காக்கையின் பெயரில். சில குளோரின் கரைப்பான்கள் போன்ற குறிப்பிட்ட விஷங்களுக்குத் தேர்ந்த பாக்டீரியாவைச் சேர்ப்பதில் அர்த்தம் உண்டு. நாலு வார்டு சாக்கடைக்கு இல்லை.

கோமுட்டேரிக்கு இப்போதே செய்யக்கூடியது, கரையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு லாட்ஜ் குழாயும் எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பது. சம்பந்தி ஊரில் கம்பெனிக்காரர் மறுபடி வந்தால், ஏரியின் இரண்டு மூலைகளைத் தார்ப்பாய் கட்டித் தடுத்துக் கொடுங்கள். ஒன்றில் பவுடரும் காற்றும், மற்றதில் காற்று மட்டும். மூன்று மாதம் கழித்து அடித்தண்ணீரின் ஆக்சிஜனையும் பாஸ்பேட்டையும் இரண்டிலும் அளக்கட்டும். அளப்பது விடிவதற்கு முன்னால், ஐந்து மணிக்கு. மதியம் இரண்டு மணி என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெயிலில் பாசி விடும் ஆக்சிஜனால் எந்தச் சாக்கடைக் குட்டையும் அந்த நேரத்துக்குப் பாஸ் ஆகிவிடும்.