விளையாட்டுப் பயிற்சிக்கு காலையா, மாலையா? வில்லியனூர், பாகூர் பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பையில் முதல்முறையாகக் களமிறங்கியது 2018-19 சீசனில். துத்திப்பட்டு மைதானத்தில் பெரிய ஆட்டங்கள் நடப்பதைப் பார்க்கிற கிராமத்துப் பிள்ளைகளுக்கு கோச்சிங் ஆசை வருவது இயல்புதான். ஆனால் கோச்சிடம் பணம் கட்டும் முன் பேச வேண்டிய முதல் விஷயம் நேரம்.

வெளிச்சம் எவ்வளவு நேரம்?

ஃபிளட்லைட் இல்லாத கிராமத்து மைதானத்தில் டைம்டேபிள் போடுவது சூரியன்தான். ஜூனில் மாலை 6.30 வரை தாராளமாக ஆடலாம். நவம்பர் கடைசியில் 5.40 வாக்கிலேயே சூரியன் மறைஞ்சிடும். பள்ளி விட்டு, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கிளம்பவே மணி ஐந்து ஆகிவிடுகிறது. அதாவது, ஜூனில் பேசிய 'மாலை 5 முதல் 6.30' நவம்பரில் பாதியாகிவிடும். ஃபீஸ் மட்டும் குறையாது! அக்டோபர் முதல் ஜனவரி வரை சனி, ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள்வதாக முன்பே பேசிவிடுவது நல்லது.

மழை வந்தால் யார் பொறுப்பு?

இங்கே வருடத்தின் பெரிய மழை அக்டோபர்-டிசம்பரில்தான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பகுதி கிராமங்களில் புகுந்தது. இப்படிப்பட்ட மாதத்தில் 'மாத ஃபீஸ்' என்று பேசினால் நஷ்டம் பெற்றோருக்கு. '12 வகுப்பு, இவ்வளவு ரூபாய்' என்று எண்ணிக்கைக் கணக்கில் பேசுங்கள். விட்டுப்போன வகுப்பை எத்தனை நாளுக்குள் ஈடுசெய்ய வேண்டும், எத்தனை மணிக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் போட்டுவிடுங்க. கோச்சுக்கும் இது பாதுகாப்பு. வண்டியில் அவ்வளவு தூரம் வந்த பிறகு 'இன்னைக்கு டியூஷன் இருக்கு சார்' என்று சொன்னால் பெட்ரோல் காசு யார் தருவது?

கோச்சுகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரே மாலையில் வில்லியனூரும் பாகூரும் ஓடினால் பாதி நேரம் ரோட்டில்தான் போகும். திங்கள், புதன் வில்லியனூர்; செவ்வாய், வியாழன் பாகூர், கிருமாம்பாக்கம் என்று பிரித்தால் இரண்டு பக்கமும் நிம்மதி.

பரீட்சை

அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டதால் பொதுத்தேர்வு பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறது. 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு மே மாதத்தில் இரண்டாவது வாய்ப்பும் உண்டு. அதை எழுதப்போகும் பிள்ளையை சம்மர் கேம்பில் சேர்க்கும் முன் தேதியைப் பாருங்கள்.

எவ்வளவு பயிற்சி போதும்?

இதுதான் பலரும் கோட்டை விடும் இடம். பள்ளி அணி, தனி கோச், ஞாயிறு மேட்ச் என மூன்று பேர் தனித்தனியாக நேரம் போடுவார்கள். மொத்தத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய அத்லெடிக் டிரெய்னர்கள் சங்கம் 2019-ல் சொன்ன கணக்கு எளிது: வாரத்துப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது, வாரம் இரண்டு நாள் ஓய்வு வேண்டும். 12 வயது என்றால் 12 மணி நேரம், மேட்சும் சேர்த்து. வளரும் வயதில் வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்கு முதுகெலும்பில் விரிசல் வரும் ஆபத்து இருப்பதால், அவர்கள் வீசும் ஓவரையும் நோட்டில் எழுதி வையுங்கள். முதுகுவலி என்று சொன்னால் அன்றைக்கே பந்துவீச்சை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

தனி வகுப்பு என்றாலும் மற்றவர் கண்ணில் படும் இடத்தில்தான் நடக்க வேண்டும். பஸ்ஸில் திரும்பும் பிள்ளைக்கு, பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு வகுப்பு முடியும் நேரத்தைக் குறியுங்கள்.