ஆண்மை ஓமோன்: அளந்து பார்த்த பின்னரே ஊசி

நிந்தவூர் வயலில் பயிர் வெளிறினால், அனுபவமிக்க கமக்காரர் உடனே உரத்தைக் கொட்டுவதில்லை, காரணத்தைத் தேடுகிறார். உடற்சோர்வு கண்டதும் ஆண்மை ஊசியை நாடும் அன்பர்களுக்கும் இந்நிதானம் வேண்டும்.

ஆணின் விதைச்சுரப்பியில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஓமோனை அறிஞர்கள் 1935ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தனர். இது காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் காணப்படும். ஆதலால் வெறும் வயிற்றில், காலையில், வெவ்வேறு இரு நாட்களில் இரத்தத்தைச் சோதித்தல் முறை. நோயின் குறிகளும் இருந்து, இரு சோதனையிலும் அளவு குறைந்தாலன்றிச் சிகிச்சை தொடங்கலாகாது. உடற்பருமனும் நீரிழிவும் இவ்வளவைக் குறைப்பதுண்டு. உடற்பருமன் தணிந்தாலே சிலருக்கு அது உயரும்.

பிள்ளைப்பேற்றை விரும்பும் இளைஞர் ஒன்றை மறவாதிருத்தல் நன்று. ஓமோன் வெளியிலிருந்து புகுந்தால், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி விதைச்சுரப்பியை ஏவுவதை நிறுத்துகிறது, விந்தணு குன்றுகிறது. ஆண்மைக்கென்று போட்ட ஊசியே தந்தையாவதற்குத் தடையாகலாம்.

தொடங்கிய பின்னரும் 3 முதல் 6 மாதத்துள் ஒருமுறையும், அப்பால் ஆண்டுதோறும் சோதனை வேண்டும். இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு நூற்றுக்கு 54ஐக் கடந்தால் மருத்துவர் மருந்தை நிறுத்துவர். இரத்தம் தடித்து உறையும் அபாயம் உண்டு. 5,000க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், இம்மருந்தால் மாரடைப்பு மிகவில்லை. ஆயினும் நுரையீரலில் இரத்தக்கட்டி கண்டோர் சற்று மிகுந்திருந்தனர். நடுவயதினர் புரஸ்தேற்றுச் சுரப்பியையும் சோதித்தல் அவசியம்.

ஊரிலேயே ஆதார வைத்தியசாலை இருக்கின்றது. வெட்கத்தால் மறைவில் மருந்து வாங்குவதினும், மருத்துவரிடம் மனந்திறந்து பேசுவதே மானமுள்ள செயல் என்போம்.