ஒரு நிலையம், மூன்று ஆசிரியர்: ஏ.வி.எம். படங்களில் அழுகை மெய்ப்பாடு

அழுகை என்னும் மெய்ப்பாடு நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறரால் இகழப்படுதல் இளிவு; உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு; முன்னைய நன்னிலை கெட்டு வருந்துதல் அசைவு; நுகர்வதற்கின்றி ஏங்கும் நல்குரவு வறுமை. இதற்கு உரை கண்ட பேராசிரியர், தானே அவலித்தலும் பிறர் அவலங் கண்டு அவலித்தலும் என அழுகையை இரண்டாக்கி, அவற்றுள் ஒன்றைக் கருணை எனக் கொள்ளவும் இடந்தந்தார். கூத்தினையும் செய்யுளையும் நோக்கி எழுந்த இவ்விலக்கணம் திரைப்பட உரையாடலை ஆராயவும் துணை செய்யுமா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு ஒரே நிலையத்தின் படங்களை எடுத்துக்கொள்ளுதல் நலம். முதலீடும் பயிற்சியும் தொழில் நெறியும் ஒன்றாயிருக்க, எழுதுவோர் மட்டும் மாறும்போதுதான் ஆசிரியன் கைத்திறன் தனித்துப் புலப்படும். ஜப்பானில் படித்துக்கொண்டே வழியைத் தேர்ந்து செல்லும் கணினிக் கதைகள் உள. அவற்றுள் 'கீ' என்னும் நிலையம் 1999-இல் வெளியிட்ட 'கனோன்' என்னும் அவலக் கதையை ஹிசாயா நவோகியும் மயேதா ஜுன்னும் தலைவியரைப் பகுத்துக்கொண்டு எழுதினர். எவர் எழுதிய பகுதி எவ்வாறு கண்ணீர் வரவழைக்கிறது என்று அந்நூலின் அன்பர் நுணுகி ஆய்வர். நம் நாட்டில் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலையம், காரைக்குடியினின்றும் 1948-இல் சென்னைக்குப் பெயர்ந்த ஏ.வி.மெய்யப்பனாரின் ஏ.வி.எம். என்க.

அந்நிலையத்தொடர்புடைய படங்களுள் நான்கினை ஈண்டு நோக்குவோம். 'ஓர் இரவு' (1951) சி.என்.அண்ணாதுரை எழுதியது. 'பராசக்தி' (1952) பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவி மு.கருணாநிதி உரையாடல் வரைந்தது. 'களத்தூர் கண்ணம்மா' (1960), 'குழந்தையும் தெய்வமும்' (1965) ஆகிய இரண்டும் ஜாவர் சீதாராமன் எழுத்து. நான்கிலும் கதையின் எலும்புக்கூடு ஒன்றே: பிரிந்த உறவினர் ஒருவரையொருவர் அறியாது எதிர்ப்பட்டு, இறுதியில் அறிந்துகொள்ளுதல். இதனை நிலையத்தின் சொத்து என்றே கொள்ளலாம். வேறுபாடு இருப்பது, அறியாமை யாரிடம் உள்ளது, அறிவு யாரிடம் உள்ளது என்பதில்.

'ஓர் இரவு' பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. களவாட வந்தவன் அவ்வீட்டுச் செல்வரின் மகனே என்பது பின்னரே வெளிப்படும். அவ்வெளிப்பாடு அழுகையைவிட நாணத்தையே மிகுதியும் விளைக்கிறது. செல்வர் தம் பழியை உணர்தலே அதன் பயன். கண்ணீர் அங்கே வாதத்தின் துணைவன்.

'பராசக்தி'யில் அழுகையின் நான்கு நிலைக்களன்களும் ஒருங்கே வருகின்றன. கல்யாணி கணவனையும் தந்தையையும் இழக்கிறாள்; இட்டிலி விற்று வாழும் நல்குரவுக்கு வருகிறாள்; கயவரால் இழிவுறுகிறாள்; குழந்தையை ஆற்றில் எறியத் துணிகிறாள். ஆயினும் கருணாநிதியின் கலையில் அழுகை அழுகையாக நிற்பதன்று. அது நீதிமன்றம் ஏறுகிறது. அடுக்கும் எதுகையும் மோனையும் பூண்டு, துன்புற்றோரே தம் துன்பத்துக்குக் காரணம் யாரெனக் கேட்கும் வினாவாக மாறுகிறது. பேராசிரியர் கூறிய தானே அவலித்தல் இங்கே பழிகூறலாக வளர்ச்சியுறுகிறது. இதனை ஒரு குறையாகக் கருதுவார் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. அவலம் குடும்பத்துக்குள் அடங்கிக் கிடந்த காலத்தில் அதற்கு அவைமேடை தந்தது அவ்வெழுத்து.

சீதாராமன் வழி வேறு. களத்தூர்க் கண்ணம்மா தன் மகன் பிறந்தபோதே மாண்டான் என்று நம்பியிருக்கிறாள். சிறுவன் செல்வமோ அநாதை இல்லத்தில் வளர்கிறான். இருவரும் பழகுகின்றனர், அன்பு கொள்கின்றனர், உண்மை அறியார். அதனை அறிந்தவர் அவையோரே. ஆதலின் மாந்தர் அழாத இடத்தில் அவையோர் அழுகின்றனர். பிறர் அவலங் கண்டு அவலித்தல் என்பதன் தூய வடிவம் இது. ஜவ்வாது மலைக் காவலூரில் ஒரு மாலை, தொலைக்காட்சியில் இப்படம் ஓடிக்கொண்டிருந்தபோது, உடனிருந்த மூதாட்டி திரையை நோக்கி, "டேய், அவதாண்டா உன்னைப் பெத்தவ!" என்று கூவியதை யான் கேட்டேன். 'பராசக்தி'யைப் பார்ப்போர் குணசேகரனுக்கு எதனையும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவனே எல்லாம் சொல்லிவிடுகிறான்.

'பராசக்தி'யிலும் இத்தகைய மறைப்பு உண்டே எனலாம். உண்மைதான். குணசேகரன் பித்தன்போல் நடித்துத் தங்கையருகே திரிகின்றான், அவள் அறியாள். ஆனால் அங்கே அறிவு ஒரு பாத்திரத்திடம் உள்ளது. அப்பாத்திரம் பின்னர் வாய்திறந்து அனைத்தையும் பேசித் தீர்க்கிறது. 'குழந்தையும் தெய்வமும்' படத்திலோ அறிவு சிறுமியரிடம் உள்ளது, பெற்றோர் அறியார். எரிக் கேஸ்ட்னரின் 1949-ஆம் ஆண்டு ஜெர்மானியக் கதையே 1961-இல் அமெரிக்கப் படமாகிப் பின் தமிழுக்கு வந்ததாதலின், இவ்வமைப்பு முழுவதும் சீதாராமனுடையதன்று.

இனி, இவ்வேறுபாடு எழுத்தாளருடையதா, இயக்குநருடையதா, காலத்தினுடையதா என்னும் ஐயம் எழும். 'பராசக்தி'யையும் 'குழந்தையும் தெய்வமும்' படத்தையும் இயக்கியவர் கிருஷ்ணன்-பஞ்சு என்னும் அவ்விரட்டையரே. எனவே இயக்குநர் காரணமாகார். இடைப்பட்ட பதின்மூன்றாண்டுகளில் சுவை மாறிற்று என்றால், 1954-இல் இதே நிலையம் வெளியிட்ட 'அந்த நாள்' அதனை மறுக்கும். எழுதியவர் சீதாராமன், நடித்தவர் 'பராசக்தி'யிற் சொல்மழை பொழிந்த அதே சிவாஜி கணேசனும் பண்டரிபாயும். குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தோடு ஒருங்குவைத்துப் பேசப்படும் இப்படத்தில் பாடல் ஒன்றுமில்லை. ஒரு கொலையைப் பற்றிப் பலர் கூற்று மாறி மாறி வருகிறது. யார் எதனை அறிவர் என்னும் வினாவே சீதாராமனின் எழுதுகோலுக்கு உயிர் என்பதனை இப்படமே முதலில் காட்டிற்று. துப்பறியும் கதையை அவலக் கதையோடு ஒப்பிடுதல் முழுதும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் நிலையமும் நடிகரும் ஒன்றாயிருக்க, ஈராண்டில் உரையாடல் இத்துணை மாறியதற்கு எழுதுவோரன்றி வேறு வலிய காரணம் காணேன்.

இதில் நம் துறையினர் எண்ணவேண்டிய ஒன்று உண்டு. 'பராசக்தி' உரையாடல் நூலாகவும் இசைத்தட்டாகவும் பரவி, மக்கள் வாயில் மனப்பாடமாயிற்று. ஆதலால் ஆய்வாளர் அதனையே நாடினர். 'உடல் பொருள் ஆனந்தி' எழுதிய சீதாராமனைத் தொடர்கதை ஆசிரியராக அறிந்த அளவு உரையாடலாசிரியராக நாம் அறிந்திலோம். மேடையில் எடுத்துச் சொல்லத்தக்க சொற்றொடர் அவரிடம் குறைவு. சொல்லாமல் விட்டதே மிகுதி. எழுத்தில் நிற்பதை மட்டும் அளக்கும் அளவுகோல் மௌனத்தை அளவாது. 'களத்தூர் கண்ணம்மா'வில் தாயும் மகனும் எதிர்ப்படும் காட்சிகளின் உரையாடலை, இடையீடுகளும் நிறுத்தங்களும் குறித்துப் படத்தினின்று ஏட்டிற் பெயர்த்தெழுதும் பணியை முதுகலை மாணவர் எவரேனும் மேற்கொண்டால், முதற்கண் அச்சிறுவன் பேசும் சொற்களைத் தனியே தொகுப்பது நன்று.