தையல் விழாத இயந்திரம்

பெட்டிக்குள்ளே – 17

ராத்திரி ஒன்பதரைக்கு அந்தத் தம்பி போனில் கூப்பிட்டான். "சார், ஃபேன் எல்லாம் சுத்துது, லைட் எரியுது. டிஸ்ப்ளே மட்டும் வரல." சொல்லி முடிப்பதற்குள் குரல் கம்மிவிட்டது.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன். பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய முதல் சிஸ்டம். சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் கோவில்பட்டிக்கு வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளைக் காலையில் பிரித்தபோது வீடே சுற்றி நின்றிருக்கிறது. அப்பா தையல்காரர். அம்மாவின் சீட்டுப் பணமும் அந்தப் பெட்டிக்குள் போயிருக்கிறது. விற்ற கடைக்குப் போன் செய்தால், "போர்டு போயிருக்கும். நீங்களே மாட்டினதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம்.

இந்தப் பேச்சின் மேல் எனக்குக் கோபம் உண்டு. கண்ணால் பார்க்காத ஒரு பொருளை, போனிலேயே 'போயிருக்கும்' என்று எப்படிச் சொல்ல முடியும்? இருபது வருஷமாகப் புது சிஸ்டங்களை மடியில் போட்டுப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: புதுசு கிளம்பவில்லை என்றால், உண்மையிலேயே செத்த பாகத்தைக் கண்டது குறைவு. சரியாக உட்காராத பாகத்தைக் கண்டதுதான் அதிகம். 'எது போச்சு' என்று கேட்டால் ஒவ்வொன்றாகப் புதிது வாங்கிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். 'எதுவரை வந்து நின்னது' என்று கேட்டால் வழி தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போனேன். முன்னறையில் இரண்டு தையல் மெஷின். வெட்டும் மேசையில் துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு கேபினெட்டைப் படுக்க வைத்திருந்தார்கள். "வாங்க அண்ணாச்சி" என்று எழுந்த அப்பா, பையன் வாய் திறக்கும் முன்பே சொன்னார்: "மோட்டார் ஓடுது, தையல் விழ மாட்டேங்குது. அப்படித்தான?"

இந்தக் கோளாறை இவ்வளவு கச்சிதமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஃபேன் சுற்றுவதற்கு 12 வோல்ட் போதும். எஸ்எம்பிஎஸ் கரன்ட் கொடுக்கிறது என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை. தையல் விழுகிறதா என்பது வேறு கதை.

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று அந்த மேசையருகே நின்றே பையனுக்குச் சொன்னேன். சுவிட்ச் போர்டில் பிளக் செருகியிருக்கும் வரை, 'ஆஃப்' ஆன நிலையிலும் எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட்டை விழிப்பாகவே வைத்திருக்கும். கலர் ஒயர் உள்ளவற்றில் அது ஊதா. பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை ஒயரை கிரவுண்டோடு சேர்க்கிறது. 12, 5, 3.3 என்று வோல்ட்டேஜ்கள் ஏறுகின்றன. ஏறியதுமே பிராசஸர் ஓடத் தொடங்காது. வோல்ட்டேஜ் நிலைத்துவிட்டது என்று சாம்பல் நிற ஒயர் வழியாக ஒரு சேதி வரவேண்டும். அதற்கு 100-லிருந்து 500 மில்லி செகண்ட். அந்தச் சேதி வந்த பிறகே போர்டு பிராசஸரின் கடிவாளத்தை விடுகிறது. கண் விழித்த பிராசஸர் முதலில் போய்ப் பார்க்கும் முகவரி, 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் முன்னால் இருக்கிறது. பயாஸ் சிப்பில் இருக்கும் முதல் கட்டளை அங்கேதான். அதன் பிறகு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வேலை: பிராசஸர், ராம், கிராஃபிக்ஸ், கடைசியில் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ராமும் கிராஃபிக்ஸும் எழுந்திருக்கும் முன்பு கோளாறு வந்தால், அதைத் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசி இதற்குச் சத்தத்தைப் பயன்படுத்தியது. ஒரு குட்டைச் சத்தம் என்றால் நலம். ஒரு நீளமும் இரண்டு குட்டையும் என்றால் வீடியோவில் கோளாறு. திரை வந்துவிட்டால் எண்கள்: 201 என்றால் மெமரி, 301 என்றால் கீபோர்டு. இன்றைய போர்டுகள் பலவற்றில் அந்த வேலையை ஓரத்தில் இருக்கும் நான்கு சின்ன விளக்குகள் செய்கின்றன: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் வண்டி நின்றிருக்கிறது. இவன் போர்டிலும் அவை இருந்தன. கேபினெட்டின் வண்ண விளக்குகளில் இவன் அவற்றைக் கவனிக்கவே இல்லை.

முதலில் மானிட்டர் கேபிளைப் பார்த்தேன். போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகியிருந்தான். பிராசஸரின் டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 12400எஃப். இன்டெல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அந்த பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டில் துளை இருக்கும், அதில் படம் வராது. கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் மாற்றினேன். பையன் முகத்தில் வெளிச்சம் வந்தது. பட்டனை அழுத்தினோம். திரை கறுப்பாகவே இருந்தது. டிராம் விளக்கு எரிந்தபடி நின்றது.

இந்த இடத்தில்தான் பலர் தடம் மாறிவிடுகிறார்கள். ஒரு தவறைக் கண்டுபிடித்தும் வேலை செய்யவில்லை என்றால், அது தவறே இல்லை என்று நினைத்துப் பழையபடி மாற்றிவிடுவார்கள். ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு இரண்டு கோளாறுகள் இருக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கி, பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரன்ட்டை வடித்தோம். (எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஆளை அடிக்கும்.) பிறகு தேவையில்லாததை எல்லாம் கழற்றினோம். எஸ்எஸ்டி வேண்டாம், கூடுதல் ஃபேன் வேண்டாம், யுஎஸ்பியில் எதுவும் வேண்டாம். பிராசஸர், ஒரே ஒரு ராம், கிராஃபிக்ஸ் கார்டு, இவ்வளவுதான்.

ராமைக் கழற்றியதும் பையன் ரப்பரை எடுத்து அதன் தங்க நிறக் காலைத் தேய்க்கப் போனான். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் இது வழக்கம். பழைய ராமில் பாசி படிந்திருந்தால் பலனும் உண்டு. புது ராமுக்குத் தேவையில்லை என்று தடுத்தேன். எட்டு ஜிபி ராம் இரண்டு. ஒன்றை பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து, இரு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினேன். 'டக்'. பட்டனை அழுத்தினோம். டிராம் விளக்கு எரிந்தது, அணைந்தது. பத்துப் பதினைந்து நொடியில் திரையில் எழுத்து வந்துவிட்டது.

"ஐயோ சார்!" என்றான். "இரு தம்பி" என்றேன். அதே ராமை நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றினேன். கறுப்பு. இரண்டாவது ராமை இரண்டாவது ஸ்லாட்டில் வைத்தேன். எழுத்து வந்தது. நான்காவதில் கறுப்பு. இரண்டு ராமும் நல்ல ராம். நோய் அந்த ஸ்லாட்டின் பக்கம் இருக்கிறது.

'அப்படியானால் போர்டு போச்சு' என்று சொல்லிவிடலாம். கடைக்காரர் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும். ஆனால் இந்தத் தலைமுறை பிராசஸர்களில் மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஸ்லாட்டிலிருந்து கிளம்பும் கம்பித்தடங்கள் நேராக பிராசஸரின் அடியில்தான் போய் முடிகின்றன. அங்கே 1700 சின்ன முள்கள், ஒவ்வொன்றும் ஸ்பிரிங் போல வளைந்து நின்று பிராசஸரின் வயிற்றைத் தொடுகின்றன. சில முள் தொடவில்லை என்றால் ஒரு பக்க மெமரி முழுதும் ஊமையாகிவிடும்.

கூலரைக் கழற்றினோம். சாதாரணமாக அதோடு வரும் கூலர் இல்லை. நான்கு ஸ்குரூ போட்டு இறுக்கும் பெரிய கூலர், தனியாக வாங்கியது. ஸ்குரூவில் கை வைத்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. வலப்பக்கம் இரண்டும் கல் மாதிரி இறுகியிருந்தன. இடப்பக்கத்து இரண்டும் ரெண்டே சுற்றில் கழன்று வந்தன. மெதுவாகத் திருகி எடுத்தால், அடியில் தெர்மல் பேஸ்ட்டே சாட்சி சொல்லியது. ஒரு பக்கம் உலோகம் தெரியுமளவு மெலிந்திருந்தது, மறுபக்கம் தோசையின் நடுப்பகுதி போலத் தடித்துக் கிடந்தது. பிராசஸர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்தப்பட்டிருக்கிறது.

பிராசஸரை ஓரத்தில் பிடித்துத் தூக்கிவிட்டு, டார்ச் அடித்து சாக்கெட்டைப் பார்த்தோம். அப்பா தன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஊசிக்கு நூல் கோக்கிற கண். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் முள்கள் நட்ட நாற்று வரிசை போல ஒரே சீராக மின்னும். ஒரு முள் மடங்கியிருந்தாலும் அந்த இடத்தில் வரிசை உடையும். "ஒண்ணும் கோணல, அண்ணாச்சி" என்றார். நானும் இரண்டு முறை பார்த்தேன். கோணவில்லை. முள் மடங்கியிருந்தால் வாரன்ட்டியில் மாற்றிக் கேட்பது பெரும் பாடாகியிருக்கும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து, கூலரை மேலே வைத்தேன். ஸ்குரூவை அவனிடமே கொடுத்தேன். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. ஒன்றில் இரண்டு சுற்று, எதிர் மூலையில் இரண்டு சுற்று, பிறகு மற்ற இரண்டு மூலை. இப்படியே சுற்றிச் சுற்றி வரவேண்டும். அப்பா சொன்னார்: "காலர் வைக்கிற மாதிரிதான்ல. ஒரு பக்கமே இழுத்துத் தைச்சா கோணிக்கும்."

அதற்கிடையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்துக்காக எனக்கு வரும் போன்கள் கூடிக்கொண்டே போகின்றன. இவனுடையது டிடிஆர்4. டிடிஆர்5 ராம் போட்ட சிஸ்டம் என்றால், முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிஷம் கறுப்புத் திரையே இருக்கும். ராமோடு பேசத் தோதான நேரக் கணக்கை போர்டு அப்போதுதான் பழகிக்கொள்கிறது. பயந்து போய் ஆஃப் செய்தால், அடுத்த முறை அது முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருங்கள். அதேபோல, பழைய போர்டில் புதுத் தலைமுறை பிராசஸரைப் போட்டால் பயாஸைப் புதுப்பிக்கும் வரை அது அடையாளம் தெரியாமல் முழிக்கும். ஏஎம்டியின் பி450 போர்டில் ரைசன் 5000 போட்டவர்களில் பலர் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டு ராமையும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில் போட்டான். பட்டனை அவனே அழுத்தினான். சிபியு விளக்கு வந்து போனது. டிராம் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே நின்றது. சிஸ்டம் தானாக ஒருமுறை அணைந்து மறுபடி கிளம்பியது. பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். டிராம் அணைந்தது, விஜிஏ எரிந்து அணைந்தது, திரையில் பயாஸ் பக்கம் விரிந்தது. மெமரி என்ற இடத்தில் 16384 எம்பி.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துட்டா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்து மகனிடம் கொடுத்தார். அவன் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திருப்பி, உள்பக்கம் நான்கு புள்ளி வைத்து, குறுக்கும் நெடுக்குமாக 1, 3, 4, 2 என்று ஸ்குரூ இறுக்குகிற வரிசையை எழுதினான்.