கிட்டார்ப் பெட்டியும் பாஸ்கா இரவும்

சவுல் மன்னனின் கலங்கிய உள்ளத்திற்குத் தாவீதின் யாழ் ஆறுதல் அளித்ததென விவிலியம் கூறுகிறது. அந்த யாழுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. இன்றோ நம் பாடகர் குழு இளைஞரின் கிட்டாரோடு, காலடியில் ஒரு பெட்டியும் ஆலயத்திற்கு வருகிறது. மேனாம்பேட்டில் எங்கள் இல்லத்திலும் அத்தகைய பெட்டி ஒன்று உண்டு. ஓராண்டு காலம் மாலைதோறும் சிறுவர்க்குப் பாடம் சொல்லிச் சேர்த்த பணத்தில் என் மகன் வாங்கியது அது. அதன் அருமையையும் ஆபத்தையும் எனக்கு உணர்த்தியது ஒரு பாஸ்கா இரவு.

பெட்டி செய்வது யாது?

மின்கிட்டாரின் தந்தி எழுப்பும் ஒலி மிக மெல்லியது. அதனைப் பெருக்கும் ஆம்ப்ளிபயரே அதற்கு நிறமும் குணமும் தருகிறது. பழைய வால்வு ரேடியோவின் கனிந்த குரலைக் கேட்டவர்க்கு இது எளிதில் விளங்கும். வால்வு ஆம்ப்ளிபயர்கள் விலையும் பளுவும் மிக்கவை. ஆகவே, அவற்றின் குணத்தைக் கணக்கிட்டுப் பாவனை செய்யும் கருவிகள் தோன்றின. 1995-இல் வந்த ரோலண்டு வி.ஜி. 8, 1998-இல் வந்த லைன் சிக்ஸ் நிறுவனத்தின் 'பாட்' ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இன்றைய பெட்டியில் பல ஆம்ப்ளிபயர்களின் பாவனையும், எதிரொலி முதலிய சாயல்களும் அடங்கியுள்ளன. அவற்றை வேண்டியவாறு இணைத்து, எண்ணிட்டுச் சேமித்து, காலால் மிதித்து அழைக்கலாம். இளைஞர் இதனைப் 'பேட்ச்' என்பர்.

இழந்த ஒலிகள்

மூன்று வாரம் காதில் ஹெட்போன் மாட்டி, பாஸ்கா திருவிழிப்பிற்கென ஒலிகளை அமைத்தான் மகன். பெரிய சனி மாலை பெட்டி சிறிது தடுமாறவே, அதனைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டான். தடுமாற்றம் நீங்கியது, சேமித்த ஒலிகளும் நீங்கின. வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை.

அன்றிரவு மணிகள் ஒலிக்க, 'உன்னதங்களிலே' தொடங்கிற்று. அவன் மிதித்த ஒலி அலறியது. முன்வரிசைத் தாய்மார் பாடுவதை நிறுத்தி விட்டனர். அவன் நடுங்கியவாறு பெட்டியின் பாவனைகளையெல்லாம் அணைத்து, மெலிந்த வெறுந்தந்தி ஒலியிலேயே தொடர்ந்தான். சிறிது சிறிதாக மக்களின் குரல் எழுந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் பணத்தை எண்ணி அவனைக் கடிந்துகொண்டேன். இனிப் பாடகர் குழுவே வேண்டாமென்றான் அவன். ஆயினும் ஞாயிறு காலை ஒரு மூதாட்டி அவனை நிறுத்தி, "தம்பி, நேத்து ராத்திரி கடைசியிலேதான் நான் மனசாரப் பாடினேன்" என்றார். அச்சொல் எங்கள் இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தியது.

நாங்கள் கற்றவை

திருத்திய ஒலியை உடனே சேமிக்க வேண்டும். அடுத்த எண்ணுக்குச் சென்றால் பெரும்பாலும் திருத்தம் மறைந்துவிடும். அனைத்தையும் கணினியில் படியெடுப்பதோடு, அமைப்பை ஒரு குறிப்பேட்டிலும் எழுதி வைப்பது நன்று. பிறிதோர் இளைஞர் அதைக் கண்டு தொடரலாமன்றோ?

மெல்லிய ஒலியில் மனிதச் செவி தாழ்ந்த சுரங்களையும் உச்ச சுரங்களையும் குறைவாகவே கேட்கிறது. எனவே வீட்டில் இனித்தது ஆலயத்தில் இரையும், குத்தும். இறுதித் திருத்தத்தை ஆலயத்திலேயே, பாடகர் குழுவோடு ஒத்திகையில் செய்தல் வேண்டும். கட்டடத்திற்கே எதிரொலி இருப்பின் பெட்டியின் எதிரொலியைக் குறைக்க வேண்டும். ஆலய ஒலிபெருக்கியில் நேரே இணைக்கையில் 'ஸ்பீக்கர்' பாவனை தேவை. கிட்டார் ஆம்ப்ளிபயரில் இணைக்கையில் அதனை அணைப்பதே முறை.

ஒலிகளுக்கு எண்ணன்றி, வருகை, காணிக்கை, நற்கருணை என்று பெயரிட்டோம். தவக்காலத்திற்குத் தனித் தொகுப்பு வைத்தோம். அக்காலத்தில், சில நாள்கள் நீங்கலாக, பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே கருவிகள் இசைக்கப்படவேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு.

1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழலார்கனைப் போற்றிய பின், பிற கருவிகளுக்கும் இடமளித்தது. அவை புனிதப் பயனுக்கு ஏற்றவையாய், ஆலய மாண்பிற்கு இசைந்தவையாய், இறைமக்களின் பக்தியை வளர்ப்பவையாய் இருத்தல் வேண்டுமென்றது. பெட்டியிலுள்ள ஒவ்வோர் ஒலிக்கும் அதுவே அளவுகோல்.

பெற்றோரே, பிள்ளையின் பெட்டியை வீண்செலவென எள்ளாமல், ஒருநாள் அருகமர்ந்து கேளுங்கள். என் மகனின் பெட்டியில் இன்று முதலாவதாக நிற்பது அந்த எளிய ஒலிதான். அதற்கு அவன் இட்ட பெயர் 'மக்கள்'.