ஊடகப் புகழும் விளையாட்டு வீரர்களின் தன்முனைப்பும்

விளையாட்டு வீரர் ஒருவர் குறுகிய காலத்தில் பெறும் ஊடகப் புகழ், அவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பீட்டையும் பிறரிடம் நடந்துகொள்ளும் முறையையும் மாற்றக்கூடியது. இம்மாற்றம் செருக்காக வெளிப்படலாம். புகழ் விலகும்போது மனச்சோர்வாகவும் முடியலாம்.

உளவியல் விளக்கம்

தற்காதல் பொதுவாக இளமையிலேயே உருவாகும் இயல்பாகக் கருதப்படுகிறது. புகழ் பெற்றவர்களிடம் அது வயது வந்த பின்னரும் தோன்றலாம் என்றார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் மில்மன். எல்லோரும் தம்மையே பார்த்துக்கொண்டிருப்பதால், பிறரைப் பார்க்கும் பழக்கத்தை அவர்கள் இழந்துவிடுகின்றனர் என்பது அவர் கருத்து. உடனிருப்போர் குறை சொல்லத் தயங்குவதும் இதை வளர்க்கிறது.

2019 தொலைக்காட்சி சர்ச்சை

2019 ஜனவரியில் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் கிரிக்கெட் வீரர் ஹர்திக் பாண்டியா பெண்களைப் பற்றிக் கூறியவை கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. அவரும் உடன் பங்கேற்ற கே. எல். ராகுலும் இடைநீக்கம் செய்யப்பட்டு ஆத்திரேலியத் தொடரிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். பின்னர் இருவருக்கும் தலா 20 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்களைப் புகழின் உச்சியில் வைத்த ஊடகமே அவர்களின் சறுக்கலையும் நாடெங்கும் கொண்டுசென்றது.

நடராஜன்

ஒகேனக்கல்லைக் கடந்த காவிரி, சேலம் மாவட்டத்தின் மேட்டூர் அணையில் தேங்குகிறது. அம்மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் த. நடராஜனை 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஒரே நாளில் அவர் தலைப்புச் செய்தியானார். ஆனால் அப்பருவத்தில் 6 ஆட்டங்களில் 2 விக்கெட்டுகளே கிடைத்தன. அடுத்த ஆண்டு அவருடைய விலை 40 லட்சமாகக் குறைந்தது. ஐதராபாத் அணியில் இரண்டு பருவங்கள் களமிறங்கும் வாய்ப்பின்றிக் காத்திருந்தார்.

2020 ஐ.பி.எல். தொடரில் யார்க்கர் பந்துகளால் மீண்டும் பேசப்பட்டபோது, தம் வழிகாட்டி ஜெயபிரகாஷின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஜேபி நட்டு’ என்ற பெயரைச் சட்டையில் அணிந்து ஆடினார். அதே ஆண்டு தொடங்கிய ஆத்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் ஊர் திரும்பியவரைச் சாரட்டு வண்டியில் ஏற்றி மக்கள் வரவேற்றனர். மூன்று மாதங்களில் முழங்கால் அறுவை சிகிச்சையால் களத்தை விட்டு விலக நேர்ந்தது. 2023 ஜூனில் அவர் சொந்த ஊரில் அமைத்த கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது.

கட்டுப்படுத்தும் வழிகள்

ஊடக வெளிச்சம் வருவதும் போவதும் வீரரின் கையில் இல்லை. புகழுக்கு முன்பே அறிந்த பயிற்சியாளர், குடும்பத்தினர், ஊர் நண்பர்கள் ஆகியோருடன் தொடரும் உறவு, தவற்றை நேருக்கு நேர் சுட்டிக்காட்டும் வாய்ப்பைத் தக்கவைக்கிறது. இளம் வீரர்களுக்கு ஆட்டப் பயிற்சியுடன் ஊடகத்தை எதிர்கொள்ளும் பயிற்சியும் உளவியல் ஆலோசனையும் தேவைப்படுவது இதனால்தான்.