நாசி வழியே ஒரு நுண்மருத்துவம்

முன்னுரை

எழுத்துகள் பிறக்கும் இடங்களை விளக்கும் தொல்காப்பியப் பிறப்பியல், மூக்கையும் அவ்விடங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. மெல்லெழுத்து ஆறும் மூக்கின் வளியால் இசைப்பன என்று ஆண்டுதோறும் வகுப்பறையில் கூறி வருகிறோம். அந்த மூக்கே, மூளை அமர்ந்திருக்கும் மண்டையோட்டின் அடித்தளத்தைச் செப்பனிடும் வாயிலாகவும் இன்று விளங்குகிறது. இதனை நாம் அறிய நேர்ந்தது ஒரு சிறுவனால்.

புதுச்சேரியை அடுத்த சேதராப்பட்டில் நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்று உண்டு. தந்தை தொழிற்பேட்டையில் பணிபுரிபவர். அவருடைய ஐந்து வயது மகனுக்கு வலது நாசியில் மட்டும் ஓயாமல் நீர் வடிந்துகொண்டிருந்தது. சளி என்றே எல்லோரும் கருதினர். ஆவி பிடித்தால் போதும் என்று அறிவுரை கூறியவர்களுள் நாமும் அடங்குவோம். ஓராண்டிற்குள் அச்சிறுவனை மூளையுறைக் காய்ச்சல் இருமுறை தாக்கியது. இரண்டாம் முறை பார்த்த மருத்துவர், "குனியும்போது நீர் மிகுதியாக வடிகிறதா?" என்று வினவினார். ஆம் என்றார் தாய். அவ்வொரு வினாவே நோயைக் காட்டிக் கொடுத்தது.

மூக்கும் மூளையும்

மூளை வெற்றிடத்தில் இருப்பதன்று. தெளிந்த நீரொன்றில் மிதக்கிறது. வளர்ந்தோர் உடலில் எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் மூளைத் தண்டுவட நீர் இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் புதிதாகச் சுரந்து, பழையது உறிஞ்சப்படுகிறது. மூளைக்கும் மூக்கின் கூரைக்கும் இடையே உள்ளது மெல்லிய சல்லடை எலும்பு. மணத்தை உணர்த்தும் நரம்பிழைகள் அதன் துளைகள் வழியே இறங்குகின்றன.

இவ்வெலும்பிலும் அதன்மேல் விரிந்த மூளையுறையிலும் பிளவு ஏற்படின், மூளை நீர் மூக்கின் வழியே கசியும். நீர் கீழே இறங்கும் வழியே கிருமிகள் மேலே ஏறவும் வழியாகும். அங்ஙனம் ஏறுவதால் வருவதே மீண்டும் மீண்டும் தாக்கும் மூளையுறைக் காய்ச்சல்.

குழந்தைகளிடம் இக்குறை இருவகையில் தோன்றும். கீழே விழுந்து தலையில் அடிபடுவதால் வருவது ஒன்று. கருவில் எலும்புகள் முற்றும் கூடாமையால் பிறவியிலேயே அமைவது மற்றொன்று. பிறவிக் குறையில் சிலபோது மூளையுறையும் மூளைப்பகுதியும் துளை வழியே மூக்கிற்குள் பிதுங்கி நிற்கும். பார்ப்பதற்கு அது சாதாரணச் சதை வளர்ச்சி போன்றே தோன்றும். குழந்தை அழும்போது அது பருக்கவும் கூடும். சதை என்று எண்ணி வெட்டினால் பெருந்தீங்கு விளையும். ஆதலின் சிறு குழந்தையின் மூக்கில் கட்டி கண்டால், ஊடுகதிர் அடுக்குப் படமும் காந்த அதிர்வுப் படமும் எடுத்த பின்னரே கருவியை அணுகவேண்டும்.

பழைய வழியும் புதிய வழியும்

மூக்கினுள் கருவி செலுத்திய வரலாறு பழமையானது. கி.பி. 936இல் பிறந்த ஸ்பெயின் நாட்டு மருத்துவ மேதை அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி, முப்பது பகுதிகளையுடைய 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலில், மூக்கில் வளரும் சதையைக் கொக்கியால் இழுத்து அகற்றும் முறையை எழுதினார். கருவிகளின் உருவங்களையும் வரைந்து காட்டினார்.

எனினும் மூளை நீர்க்கசிவை அடைக்கும் அறுவை, இருபதாம் நூற்றாண்டில்தான் கைகூடியது. 1926இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி, மண்டையோட்டைத் திறந்து துளையை அடைத்தார். அம்முறையில் மூளையின் முன்பகுதியைச் சற்று ஒதுக்கவேண்டும். மண உணர்வு அழியவும் கூடும். 1952இல் ஆஸ்கர் ஹிர்ஷ் மூக்கின் வழியே அடைத்துக் காட்டினார். ஆயினும் உள்ளே தெளிவாகக் காணும் கருவி அந்நாளில் இல்லை.

அக்குறையை ஒளியியல் தீர்த்தது. 1954இல் இலண்டனில் ஹெரால்டு ஹாப்கின்சும், பஞ்சாபில் பிறந்த நம் நாட்டு அறிவியலறிஞர் நரிந்தர் சிங் கபானியும், வளையும் கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவங்களைக் கடத்திக் காட்டினர். பின்னர் ஹாப்கின்ஸ் கோல்வடிவக் கண்ணாடி வில்லைகளைக் கொண்ட அகநோக்கியை வகுத்தார். 1981இல் ஜெர்மனியின் விகண்ட், அகநோக்கியின் துணையால் இக்கசிவை மூக்கின் வழியே அடைத்ததை வெளியிட்டார்.

இன்று நிகழும் முறை இது. குழந்தைக்கு முழு மயக்க மருந்து தரப்படும். 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள அகநோக்கி, சிறு குழந்தைக்கு 2.7 மில்லிமீட்டர் தடிப்புள்ளது, நாசிக்குள் செல்லும். திரையில் தெரியும் காட்சியைக் கண்டவாறு மருத்துவர் பிளவைத் தேடுவார். பிதுங்கிய பகுதியைச் சீர்செய்து, தொடையிலிருந்து எடுத்த கொழுப்பையோ தசையுறையையோ வைத்து அடைப்பார். மூக்கின் நடுச்சுவரின் சவ்வை இரத்தக்குழாய் அறாமல் திருப்பிப் போர்த்தும் முறை, 2006இல் வெளியான பின் பரவலாயிற்று. முகத்தில் தழும்பில்லை, மூளையை ஒதுக்கவேண்டிய தேவையுமில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு முதல் முறையிலேயே கசிவு நிற்கிறது.

எளிதென்று எண்ணிவிடலாகாது. குழந்தையின் நாசித்துளை குறுகியது. எலும்பினுள் காற்றறைகள் முழுதும் உருவாகியிரா. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள இரத்தம் ஏறத்தாழ 800 மில்லி லிட்டரே. ஆகவே சிறு இழப்பும் பெரிதாகும். முக வளர்ச்சியையும் ஆண்டுக்கணக்கில் கவனிக்கவேண்டும். சில பிளவுகளுக்கு இன்றும் மண்டையோட்டைத் திறப்பதே தக்க வழி.

பெற்றோர் கருதவேண்டுவன

ஒரு நாசியில் மட்டும் தண்ணீர் போன்ற நீர் வடிதல். குனிந்தால் அது மிகுதல். தொண்டையில் உப்புச் சுவை உணர்தல். மூளையுறைக் காய்ச்சல் மீண்டும் வருதல். இவற்றுள் ஒன்று தோன்றினும் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை நாடுதல் கடமை. வடியும் நீரில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் உண்டா என்று பார்த்தால், அது மூளை நீரா சளியா என்பது விளங்கும். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017 முதல் நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. அதனைத் தவறாது இடவேண்டும்.

நம் பகுதியினர் தொலைவு கருதி அஞ்ச வேண்டுவதில்லை. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியே 1964இல் ஜிப்மர் என்னும் பெயர் பெற்றது. கோரிமேட்டில் உள்ள அந்நிலையத்தில் மூக்கு மருத்துவமும் மூளை அறுவை மருத்துவமும் ஒருங்கே உள்ளன.

முடிவுரை

அல்லாஹ்வின் அருளால் அச்சிறுவன் பெரிய மருத்துவமனை ஒன்றில் இவ்வறுவையைப் பெற்று, இன்று பள்ளிக்குச் செல்கிறான். அவன் வாயால் 'ஙப்போல் வளை' பாடும்போது நம் நெஞ்சு நெகிழ்கிறது. கூடவே நாணவும் செய்கிறது. அறியாமல் நாம் கூறிய அறுதிச் சொல்லும் அவன் இழந்த மாதங்களுக்கு ஒரு காரணம் அன்றோ?

நோயுற்றால் மருத்துவம் நாடுதல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த நெறி. வள்ளுவரும் மருத்துவத்தை நால்வகையாகப் பகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பேணுவோரையும் சேர்த்தார். குழந்தை தன் நோயைத் தானே எடுத்துரைக்க இயலாது. அதன் மூக்கிலிருந்து வடியும் ஒரு துளி நீரை உற்று நோக்கும் கண், உடனிருக்கும் நமக்கே வேண்டும்.